முழுங்கியின் மதியச் சாப்பாடு

அவருக்கு முழுங்கி என்று பெயர் வைத்தது யார் என்பதில் ஆம்புலன்ஸ் ஷெட்டில் இன்னும் தகராறு இருக்கிறது. மெக்கானிக், தான்தான் என்கிறார். பழைய நர்ஸ் ஒருவர், அது தான் வைத்த பெயர், மெக்கானிக் திருடிக்கொண்டார் என்கிறார். காரணத்தில் மட்டும் தகராறு இல்லை. அந்த ஓட்டுநர் சாப்பிடுவதை யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறார்கள். வண்டிப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார், ஒயர்லெஸ்ஸில் அழைப்பு வரும், டப்பாவை மூடுவார். நடுவில் சாப்பாடு காணாமல் போயிருக்கும்.

"கொஞ்சம் மென்னு சாப்பிட்டாத்தான் என்ன?" என்று நர்ஸ் கேட்டால், "பல்லு சிரிக்கறதுக்கு. அதைப் போய் வேலை வாங்கிக்கிட்டு" என்பார்.

அந்த மனிதர் ஒரு வேலை நாளின் மதியத்தில், பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் தெருவில் இருக்கும் பிஸ்ட்ரோ என்கிற சின்னப் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில், சுவரோரத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை. கழுத்துப் பட்டன் போட்டிருந்தும் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. எதிரே மனைவி. பக்கத்தில் மனைவியின் தம்பி, பூட்டுக்குச் சாவி செய்கிறவன். சாப்பிடத்தான் வந்திருந்தார்கள். ஆனால் அது ஒரு பந்தயம், தம்பிதான் நடுவர்.

தொண்டைக்குக் கீழே ஏதோ நிற்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முதலில் ரொட்டி நின்றது. பிறகு இறைச்சி. பல் சரியில்லை என்றார், தண்ணீர் சரியில்லை என்றார், ஆணியைச் சூடுபண்ணி பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டே, எடை குறைந்தால் முட்டிவலிக்கு நல்லது என்றார். மனைவி இழுத்துக்கொண்டு போனபோது ஸ்கேனில் உணவுக் குழாயில் ஒரு வளர்ச்சி தெரிந்தது. வெட்டி எடுத்துவிட்டு வயிற்றை மேலே இழுத்துத் தைக்க வேண்டும் என்றார் சர்ஜன். சீக்கிரம் வாருங்கள் என்றார். முழுங்கி போகவில்லை. ஒரு தேதியைத் தள்ளிப்போட்டார், அடுத்த தேதியை மறந்துவிட்டதாகச் சொன்னார்.

"நான் எத்தனை பேரை ஏத்தி இறக்கியிருக்கேன். உள்ள போறப்ப உட்கார்ந்து போறான். வெளிய வர்றப்ப படுத்து வர்றான். எனக்குத்தான் சாப்பாடு இறங்குதே, எதுக்கு வெட்டணும்?"

"எங்க இறங்குது? நீங்க சாப்பிட்டு நான் பார்த்தே நாளாச்சு."

"நான் சாப்பிட்டு நீ எப்பப் பார்த்திருக்க?"

அதைப் பார்க்கத்தான் அவள் பந்தயம் கட்டினாள். "என் கண் முன்னாடி ஒரு முழுத் தட்டு சாப்பிட்டுக் காட்டுங்க. கரைச்சதும் கூடாது, கடைஞ்சதும் கூடாது. கெட்டியா, மனுஷங்க சாப்பிடற சாப்பாடு. சாப்பிட்டுட்டா நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்கல. முடியலைன்னா மறுநாள் காலையில அட்மிட் ஆகணும்."

"இடம் நான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

அவர் சொன்ன இடம் இது. ஆஸ்பத்திரிப் பின்வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்த வருடங்களில், கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இந்தக் கடையை அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருத்தர் முன்னால் ஒரு தட்டு இருக்கும். முழுங்கி ஒரு நோயாளியைக் கொண்டுபோய் விட்டு, இன்னொருவரை ஏற்றி, வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தாலும் அதே ஆள் முன்னால் அதே தட்டு இருக்கும். இவர்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாதா என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் கடையின் அருமை தெரிந்தது. ஊரிலேயே ஒரு மனிதன் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

மனைவி ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறாள். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று சொல்கிற குரல் அவளுடையது. முகத்தைப் பார்ப்பதற்கு வெகுநாள் முன்பே முழுங்கி அந்தக் குரலைக் கேட்டுவிட்டார். கல்யாணமான பிறகும் வீட்டில் அவளைக் 'கன்ட்ரோல்' என்றுதான் கூப்பிடுவார். மகள் சின்னவளாக இருந்தபோது, அம்மா பெயர் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குக் கன்ட்ரோல் என்றே சொல்லிவிட்டாள்.

பந்தயம் கட்டிய கையோடு கன்ட்ரோல் சர்ஜனுக்கு போன் செய்தாள். ஒருவழியாக ஆளை மடக்கிவிட்டேன் என்று சொல்வதற்காக.

"ரொம்பத் தள்ளிப் போட்டுட்டீங்கம்மா. இப்ப அவருக்குக் கெட்டியான சாப்பாடு இறங்குதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க. இறங்குச்சுன்னா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க, பண்ணிடலாம். நல்லா வெந்த கறிகூட இறங்கலைன்னா, கட்டி அந்தக் குழாய்க்கு வெளிய சுத்திப் பிடிச்சிருச்சுன்னுதான் வெச்சுக்கணும். அப்ப நான் கத்தியைத் தொட மாட்டேன். கஞ்சி ஊத்த வயித்துல ஒரு குழாய் போட்டு அனுப்பிடுவேன்."

"எங்க அனுப்புவீங்க?"

"வீட்டுக்குத்தாம்மா."

ஆக, பந்தயம் தலைகீழானது. பந்தயப்படி, அவர் சாப்பிட்டால் அவருக்குக் கத்தி வேண்டாம். சர்ஜன் சொன்னபடி, அவர் சாப்பிட்டால்தான் கத்திக்கே வழி. தோற்பதற்காகவே அவள் கிளம்பி வந்தாள். தட்டு காலியானதும் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டு, சண்டை போட்டு, அழுது, தம்பியைவிட்டுத் தூக்கிப்போட்டாவது எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். அவரிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் பயத்திலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று நினைத்தாள். தம்பியிடமும் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தம்பியை அவர் ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துவைத்திருந்தார்.

கடை சின்னதுதான். மேசை மேல் துணிக்குப் பதிலாகப் பழுப்புக் காகிதம் விரித்திருந்தார்கள். சுவரில் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடி ஒன்று, அதன் பக்கத்தில் கரும்பலகை. அன்றைக்கு என்ன சமையல் என்று அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது. சமைப்பது முதலாளியம்மா. பரிமாறுகிறவர் முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஏப்ரன் கட்டிய நடுவயதுக்காரர். ரொட்டிக் கூடையை வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வெங்காய சூப் இருக்கு சார். அப்புறம் ஒயின்ல ஊறவெச்சு வேகவெச்ச கோழி, வாத்துக் கால், மாட்டிறைச்சி வறுவல்."

"இதுல பல்லுக்கு லீவு குடுக்கறது எது?" என்றார் முழுங்கி.

"கோழி சார். காலையில இருந்து அடுப்புல இருக்கு. எலும்பு தானாக் கழண்டு வந்துடும்."

"எலும்பு கழண்டு வரலைன்னாலும் பரவாயில்லங்க" என்றான் மச்சினன். "எங்க மாமாவுக்கு எலும்பும் சேர்ந்து உள்ள போயிடும்."

அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாயை அடைத்துக்கொண்டான்.

சூப் மண்கிண்ணத்தில் வந்தது. மேலே ரொட்டித் துண்டு, அதன் மேல் உருகி மூடிபோல இறுகிய சீஸ். முழுங்கி அந்த மூடியைக் கரண்டியால் ஓர் ஓரமாக நெம்பி, ஓட்டை போட்டு, கீழே இருந்த சாறை மட்டும் எடுத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் கடையைச் சுற்றிப் பார்த்தார். அந்தக் கண்ணாடிக்கு எத்தனை வயசிருக்கும் என்றார். அந்த மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவரைத் தனக்குத் தெரியும், ஆளே மாறவில்லை, தட்டும் மாறவில்லை என்றார்.

கன்ட்ரோல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் ஒயர்லெஸ்ஸில் காது கொடுத்து உட்கார்ந்தவள். ஷெட்டை விட்டே நகராமல் "இதோ வந்துட்டேன், பாலத்துக்கிட்ட இருக்கேன்" என்று சொல்கிற ஓட்டுநர்களின் பொய்யை மூச்சை வைத்தே பிடிப்பாள். இவர் விழுங்குவதற்கு முன்னால் மூச்சை நிறுத்துகிறார். விழுங்கிய பிறகு கொஞ்சம் காத்திருக்கிறார். அப்புறம்தான் மூச்சு வெளியே வருகிறது, அதோடு சேர்ந்து கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தையும் வருகிறது.

ஆனாலும் சாறு இறங்கிவிட்டது. கிண்ணத்தில் சீஸும் ரொட்டியும் மட்டும் ஊறிக் கிடந்தன.

"சூப்பு கணக்குல வராது" என்றாள்.

"வராதுன்னு யாரு சொன்னது? நடுவர் சொல்லட்டும்."

"மாமா, சூப்பு பாதிக் கணக்கு" என்றான் மச்சினன்.

"லஞ்சம் வாங்கிட்டான் உன் தம்பி. என்கிட்டயும் வாங்கிட்டு உன்கிட்டயும் வாங்கியிருக்கான்."

சூப்புக்கும் கோழிக்கும் நடுவில் அங்கே நிறைய நேரம் விடுவார்கள். யாரும் எதையும் கொண்டுவரவில்லை, எதையும் கேட்கவில்லை. வெயில் மேசைக் காகிதத்தின் மேல் கொஞ்சம் நகர்ந்திருந்தது.

"இப்படி எதிர் எதிரா உட்கார்ந்து நாம பேசினதே இல்ல, இல்ல?" என்றார் முழுங்கி.

"நீங்க எங்க பேசினீங்க? லொகேஷன் கேட்டா லொகேஷன் சொல்லுவீங்க."

"நீயும்தான். கல்யாணத்தன்னைக்கு எங்க இருக்கீங்கன்னு கேட்டவதான நீ. பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். வீட்டில் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அவர் அதைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று சொன்னார். மச்சினன் மேசையைத் தட்டினான். வெளியே இருந்து பார்த்தால் ஏதோ நல்ல செய்தியைக் கொண்டாட வந்த குடும்பம் என்றுதான் தோன்றும்.

கோழி வந்தது. கரும் சிவப்புச் சாற்றில் ஒரு முழுத் தொடை, சின்ன வெங்காயங்கள், காளான், பக்கத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கு. முழுங்கி கத்தியை எடுத்து, தொடையின் ஓரத்தில் பட்டாணி அளவு ஒரு துண்டு வெட்டினார். அதை மேலும் இரண்டாக வெட்டினார். வாயில் வைத்து மென்றார். வாழ்நாள் முழுக்க மெல்லாததை எல்லாம் சேர்த்து மென்றார். தண்ணீர் குடித்தார். இறங்கியது.

கன்ட்ரோல் மேசைக்கு அடியில் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இறங்கியது. இன்னொன்று வெட்டினார். அது இறங்க இன்னும் நேரம் எடுத்தது. கழுத்து நரம்பு ஒரு முறை புடைத்து அடங்கியது. இறங்கியது. அவள் தன் தட்டில் இருந்த வாத்துக் காலைத் தொடவே இல்லை. கண்ணில் நீர் கட்ட ஆரம்பித்ததும் அவர் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று எழுந்தாள். "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனாள். கழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்குதுங்க டாக்டர், இறங்குது, என்று போனில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். சண்டையில் அவரை எப்படி மடக்குவது என்றும் பார்த்தாள். அதெல்லாம் எளிது என்று பட்டது.

அவள் தலை மறைந்ததும் முழுங்கி தட்டை மச்சினன் பக்கம் தள்ளினார்.

"சீக்கிரம்டா மாப்ள."

"மாமா, வேண்டாம் மாமா. இறங்குதே, நீங்களே சாப்பிடுங்க."

"ரெண்டாவது துண்டு இன்னும் பாதி வழியில நிக்குது. சாப்பிடுடா."

மச்சினன் சாப்பிட்டான். சூடு நாக்கைச் சுட்டது, சாறு மீசையில் ஒட்டியது. தொடையில் பாதிக்கு மேல், உருளைக்கிழங்கு எல்லாம், காளான் கொஞ்சம். மாமாவின் பழைய வேகத்தில் அவன் சாப்பிட, மாமா அவள் வரும் வழியைக் கண்காணித்தார். அவள் வரும்போது தட்டு பழையபடி அவர் முன்னால் இருந்தது.

அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். உட்கார்ந்து, அன்று முதன்முறையாகத் தன் கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஜெயிக்கப்போகிற ஆளின் முகத்தில்கூடப் பார்க்க முடியாது. முழுங்கிக்கு அது விளங்கவில்லை. தோற்றுக்கொண்டிருப்பவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று கொஞ்சம் குழம்பினார்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. அவர் கொஞ்சம் ஓய்வெடுக்க நினைத்தார். கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் மேல் அருகருகே, நேராக, இடைவெளி பிசகாமல் வைத்தார். ஆம்புலன்ஸ்காரரின் கை. ஸ்ட்ரெச்சர் வார், ஆக்சிஜன் குழாய், கத்தரிக்கோல், எதுவாக இருந்தாலும் நேராக அடுக்கித்தான் வைக்கும். இருட்டில் தடவினாலும் கிடைக்க வேண்டும். ஆனால் இந்த மாதிரிக் கடைகளில் அதற்கு வேறு அர்த்தம். கத்தியும் முள்கரண்டியும் விலகிக் கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறார்கள். சேர்ந்து கிடந்தால் முடித்துவிட்டார்கள். வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். ஏப்ரன்காரர் பின்னாலிருந்து கையை நீட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

"ஹலோ, அது முடியலைங்க" என்று மச்சினன் எழுந்தான்.

முழுங்கி அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "விடுடா. போகட்டும். முக்கால்வாசி ஆச்சு. அவங்க எடுத்துட்டா நான் என்ன பண்றது?"

மச்சினனுக்குப் புரிந்தது, உட்கார்ந்துவிட்டான். ஆனால் கன்ட்ரோல் எழுந்தாள்.

"கொண்டு வாங்க" என்றாள் ஏப்ரன்காரரிடம். கடையே கேட்கிற குரல். "அவர் இன்னும் சாப்பிடுவார். நல்லா சாப்பிட்டுக்கிட்டு இருந்தார், நீங்க எடுத்துட்டீங்க."

அதில் கோபமே இல்லை, பெருமைதான் இருந்தது. ஏப்ரன்காரர் முகம் சிறுத்துப்போனது. மிச்சத்தைக் குப்பையில் வழித்துப் போட்டாகிவிட்டது. உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மாவே கையில் தட்டோடு வந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். சாப்பிட்டுட்டு இருக்கறவங்க தட்டை எடுக்கறது மாதிரி தப்பு எங்க கடையில நடந்ததே இல்ல. இது புதுசு. சட்டியில இருந்து நேரா எடுத்தது. நீங்க ரசிச்சு சாப்பிடறதை நான் அங்கிருந்து பார்த்தேன்."

ஒரு முழுத் தொடை. முன்னதைவிடப் பெரியது. ஆவி பறந்துகொண்டிருந்தது. முதலாளியம்மா போகவில்லை, முதல் வாய்க்காக நின்றார். ஏப்ரன்காரர் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். கன்ட்ரோல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முழுங்கி வெட்டினார். பட்டாணி அளவு. மென்றார். விழுங்கினார்.

முகத்தில் எதுவும் மாறவில்லை. முதலாளியம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார், ஏப்ரன்காரரும் போனார். முழுங்கி தண்ணீரை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், அந்தத் தண்ணீர் திரும்பி வந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையை மார்பின் நடுவில் வைத்து அழுத்தினார். மூச்சுத் தடை இல்லை, உணவுக் குழாயில்தான் நிற்கிறது, அதனால் சாகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். எத்தனை வீடுகளில் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். எச்சில்கூட இறங்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ ஒரு கதையைச் சொல்லி முடிக்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்து உள்ளே போனார். மச்சினன் பின்னாலேயே ஓடினான்.

திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. உட்கார்ந்து மறுபடி கத்தியை எடுத்தார். இன்னும் சின்னத் துண்டு. அதுவும் வந்துவிட்டது. முள்கரண்டி நுனியால் சாற்றை மட்டும் தொட்டு வைத்தார். அது மட்டும் எப்படியோ போனது.

"அக்கா" என்றான் மச்சினன். குரல் உடைந்திருந்தது. "அந்த முதல் தட்டு மாமா சாப்பிடல. நான்தான் சாப்பிட்டேன்."

அவள் மேசையில் இருந்த காகித நாப்கினை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"மீசையைத் துடை."

முழுங்கி கத்தியைக் கீழே வைத்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் முகம் தெளிந்திருந்தது. பல மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்த முகம்.

"சரி, தோத்துட்டேன். ஒத்துக்கறேன். வெட்டச் சொல்லு." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "நாளைக்கு எதுக்கு, எதிர் வாசல்தான, இப்பவே போவோம். மாப்ள, நீ முன்னாடி போய் எமர்ஜென்சியில நம்ம பசங்க யாரு இருக்காங்கன்னு பாரு. எழுந்திரு கன்ட்ரோல். வெட்டறதுன்னு ஆனப்புறம் உட்கார்ந்து என்ன பண்றது? இன்னைக்கே படுத்துட்டா சீக்கிரம் எழுந்துடலாம். வா, வா."

பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார். ஒரு கை சட்டைப் பையைத் தடவியது, இல்லாத வண்டிச் சாவிக்காக. எழுந்த வேகத்தில் அவருக்குத் தலை சுற்றியது, மேசை விளிம்பைப் பிடித்தார். கன்ட்ரோல் சட்டென்று அவர் முழங்கையைத் தாங்கினாள்.

"மெதுவாப் போலாங்க" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல."

அவர் கீழே விழுந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னதுதான். வேறு எந்தக் குடும்பத்திலும் அதற்கு அந்த அர்த்தம் மட்டும்தான். ஆனால் ஆம்புலன்ஸ் ஒயர்லெஸ்ஸில் செத்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டியில் வழிகாட்ட ஏறிய உறவுக்காரர்கள் இருப்பார்கள், அவர்கள் காதில் விழும். போகிற இடத்தில் ஆள் ஏற்கெனவே போய்விட்டார், இனி சைரனுக்கு வேலை இல்லை என்றால், கட்டுப்பாட்டு அறை சொல்வது ஒரே வாக்கியம்: மெதுவாப் போங்க, ஒண்ணும் அவசரமில்ல. இந்தக் குரலில் இதே வாக்கியத்தை எத்தனையோ தெருமுனைகளில் அவர் கேட்டிருக்கிறார். கேட்டதும் சைரனை அணைத்துவிட்டு இரண்டாவது கியருக்கு வந்திருக்கிறார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கையை எடுத்துவிட்டாள்.

முழுங்கி உட்கார்ந்தார். நாற்காலியை மறுபடி மேசைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் பேசினாரா?"

"நான்தான் பேசினேன்."

"எப்ப?"

"பந்தயம் கட்டின அன்னைக்கு."

"என்ன சொன்னாரு?"

சொன்னாள். ஒயர்லெஸ்ஸில் முகவரி சொல்வதுபோல, ஒரு வார்த்தை கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் சொன்னாள். மச்சினன் தட்டையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். தான் சாப்பிட்டது என்ன என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. எழுந்து வாசலுக்குப் போய், கடைக் கண்ணாடிக்கு வெளியே, தெருவைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

"அப்ப நான் சாப்பிட்டுட்டா ஆபரேஷன்" என்றார் முழுங்கி.

"ஆமா."

"நீ தோக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

"நல்ல ஜோடிடி நாம." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "முன்னாடியே போயிருக்கணும். அந்த முதல் தேதியில."

இல்லை என்று அவள் பொய் சொன்னால் அவருக்கும் மூச்சில் தெரிந்துவிடும்.

மற்ற மேசைகள் காலியாகிக்கொண்டிருந்தன. மூலையில் இருந்த பெரியவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, முதலாளியம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஏப்ரன்காரர் இவர்கள் பக்கம் பார்த்தார், பார்த்துவிட்டு வரவில்லை. அந்தக் கடையில் யாரையும் எழுப்ப மாட்டார்கள். மாலை வரை உட்கார்ந்திருந்தாலும் கேட்க மாட்டார்கள். முதலாளியம்மாதான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முழுசாக இருந்த தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏதாவது சரியில்லையா சார்?"

"பிரமாதமா இருந்ததும்மா" என்றார் முழுங்கி. "எனக்குத்தான் வயிறு ரொம்பிப்போச்சு. இவங்க சாப்பிடுவாங்க."

தட்டை மனைவி பக்கம் நகர்த்தினார். முதலாளியம்மா நின்றுகொண்டிருந்ததால் அவள் கத்தியை எடுத்தாள். ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்றாள். முதலாளியம்மா போனார்.

போன பிறகும் அவள் கத்தியை வைக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்ப்பவர்போல, அவள் வெட்டுவதையும் மெல்லுவதையும் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொண்டை ஏறி இறங்கும்போதெல்லாம் அவர் தொண்டையும் ஏறி இறங்கியது. தொண்டை காய்ந்துபோகும் என்று அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அவள் கண்ணீர் சாற்றில் விழுந்தது. கோழி ஆறிவிட்டிருந்தது.

போதும் என்று அவள் தட்டைத் தள்ளப் போனாள்.

"இரு" என்றார் முழுங்கி. தன் முள்கரண்டியின் நுனியால் எலும்பின் உள்பக்கத்தைக் காட்டினார். "இங்க இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு. நல்ல கறி. அதையும் சாப்பிடு."